சேதாரத்துக்கு என்ன விலை?

செட்டியார் தெருவிலே நகை வாங்கியவர்களுக்குச் செய்கூலி, சேதாரம் என்னும் இரு சொற்களின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தங்கத்துக்கு ஒரு விலை. அதை நகையாக்கிய கைக்கு ஒரு விலை. ஆக்கும்போது அரத்தோடும் நெருப்போடும் போய்விட்ட துகளுக்கு ஒரு விலை. நகையை விற்கப் போகும் நாளில் தங்கம் மட்டுமே தராசில் ஏறும். மற்றை இரண்டும் கணக்கில் வாரா. ஆகவே நம் தாய்மார்கள் ஒரு காப்பைக் கையில் எடுத்தவுடனேயே, இதில் தங்கம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மனத்துள் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் கிற்றார் வாங்குவதற்கும் உதவும் என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் எங்கள் குடும்பத்தில் பல மாதங்களாக நீண்ட ஒரு வாக்குவாதத்தைத் தீர்த்து வைத்தது அந்தக் கணக்கேயாகும்.

ரொறன்ரோ நகரில் வாழும் என் அண்ணன், வெள்ளவத்தையில் வளரும் என் பேரனுக்கு ஒரு மின் கிற்றார் வாங்கித் தர விரும்பினார். ஏதோ ஒரு கிற்றார் அன்று. 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போன்றதாகவே அஃது இருக்கவேண்டும். அதற்கென ஐயாயிரம் அமெரிக்க டொலரை ஒதுக்கியும் வைத்திருந்தார். "தம்பி, காசைப் பற்றி யோசியாதை. அதே மாதிரி இருக்கவேணும், அவ்வளவுதான்" என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஐயாயிரம் டொலர் என்றால், டொலர் சுமார் 300 ரூபாவாக இருக்கும் கணக்கில், பதினைந்து இலட்சம் ரூபா. பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் பதினைந்து இலட்சத்தைக் கொடுப்பதா என்று என் மகள் கலங்கினாள். எதை வாங்குவது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நூலுக்கு மறுபதிப்பு இருப்பது போலக் கிற்றாருக்கும் மறுபதிப்பு உண்டு. ஐம்பது, அறுபதுகளில் செய்த வடிவத்தை, அதே அளவிலும் நிறத்திலும், ஆணி திருகாணி வரையில் அதே முறையிலும் இன்று மறுபடியும் செய்து விற்பதே அது. நூலின் மறுபதிப்பு மூலத்தைவிட மலிவாகக் கிடைக்கும். கிற்றாரின் மறுபதிப்போ ஐந்நூறு டொலரிலிருந்து ஒன்பதாயிரம் டொலர் வரையில் பல படிகளாக நிற்கிறது. எந்தப் படியில் நிற்பது அறிவுடைமை என்பதே எங்கள் கேள்வி.

கொட்டாஞ்சேனையில் வந்த கிற்றார்

அந்தக் கேள்வியின் கனத்தை உணர வேண்டுமானால் அண்ணனுடைய பழைய கிற்றாரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அறுபதுகளில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். புனித லூசியா பேராலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அந்தத் தெருவில் தமிழர், சிங்களவர், பறங்கியர், கொழும்புச் செட்டிகள் என எல்லாரும் இருந்தனர். மாலையானால் ஒரு வீட்டில் தேவாரம், ஒரு வீட்டில் பைலா, மற்றொரு வீட்டில் இலங்கை வானொலியின் ஆங்கிலப் பாட்டு. 1960இல் ஷாடோஸ் என்னும் ஆங்கிலக் குழுவின் 'அப்பாச்சி' வெளிவந்த பிறகு, மீசை அரும்பிய பிள்ளைகள் எல்லாருக்கும் மின் கிற்றார் பைத்தியம் பிடித்தது.

ஆனால் மின் கிற்றாருக்கு எங்கே போவது? அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. வெளிநாட்டுத் தந்தி ஒன்று அறுந்தால் முடிந்து கட்டுவார்கள். பழைய தந்திகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து அழுக்கு நீக்கி மறுபடியும் பூட்டுவார்கள். இந்நிலையில், 1968ஆம் ஆண்டில் எங்கள் தெருப் பறங்கிக் குடும்பம் ஒன்று மெல்பேணுக்குப் புறப்பட்டது. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பிறகு அப்படிப் புறப்பட்ட குடும்பங்கள் பல. கட்டில், பியானோ, அலுமாரி என்று விற்ற பொருள்களுள் 1962இல் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றும் இருந்தது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அண்ணன் பத்து மாதத் தவணையில் அதை வாங்கினார். ஒலிபெருக்கியைத் தெருமுனையில் றேடியோ திருத்துபவர் பழைய வால்வுகளைக் கொண்டு செய்து கொடுத்தார்.

பதினைந்து ஆண்டுகள் அந்தக் கிற்றார் எங்கள் வீட்டில் இருந்தது. திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் அண்ணன் வாசித்தார். எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய தமிழ்ப் பொப் பாடல்கள் நாடெங்கும் ஒலித்த காலத்தில், அண்ணனுடைய குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததில்லை. அவர் வலக்கை படிந்த இடத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. இடுப்புப் பட்டியின் கொளுக்கி பட்டு முதுகில் வட்டமாக ஒரு தழும்பு. கீழ்ப்புறத்தில் ஒரு நீண்ட கீறல். சமையலறையில் இருந்து வாசித்தபோது அம்மாவின் தேங்காய்த் திருவலைப் பல்லில் பட்டது.

1974இல் வெள்ளவத்தைக்கு வீடு மாறினோம். 1983 ஜூலைக் கடைசி வாரத்தில் அந்த வீட்டைக் கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தார் எங்களை ஓர் இரவும் ஒரு பகலும் ஒளித்துக் காத்தனர். பின்பு பம்பலப்பிட்டியில் அகதி முகாமாக மாறிய பள்ளியொன்றில் தங்கினோம். திரும்பிச் சென்று பார்த்தபோது சாம்பலுக்குள்ளே அண்ணன் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்தார்: தந்திகளைத் தாங்கி நிற்கும் உலோகக் குதிரை. மரமெல்லாம் போய்விட்டது. 1984இல் அவர் கனடாவுக்குப் புறப்பட்டார். அதன் பிறகு அவர் கொழும்புக்கு வரவுமில்லை, கிற்றார் வாங்கவுமில்லை. நாற்பது ஆண்டு கழித்து அவர் "அதே மாதிரி" என்று சொல்லும்போது அதன் பொருள் எனக்குத் தெரியும். கடைக்காரருக்குத் தெரியுமோ என்பதே என் ஐயம்.

மறுபதிப்பு பிறந்த கதை

ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆக்கிய லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது! வாசிப்பவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டே அவர் தம் கருவியைத் திருத்தினார். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டொலர் 50 சதம். இன்று நமக்குச் சிறிய தொகையாகத் தோன்றும் அது, இன்றைய பண மதிப்பில் 2,500 டொலருக்கும் மேலாகும். அக்காலத்தில் அது தொழிற்கலைஞர் வாங்கிய நல்ல விலைக் கருவி என்பதை இதனால் அறியலாம்.

1965இல் லியோ தம் நிறுவனத்தைச் சி.பி.எஸ். என்னும் பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். அதன் பின்பு வந்த கருவிகளில் பழைய கவனம் இல்லை என்று கலைஞர்கள் குறைகூறினர். பழையவற்றைத் தேடி வாங்கத் தொடங்கினர். எழுபதுகளின் இறுதியில் ஜப்பானில் டோக்காய் முதலிய நிறுவனங்கள் பழைய அமெரிக்க வடிவங்களை அச்சொட்டாகச் செய்து குறைந்த விலைக்கு விற்கவே, மூல நிறுவனத்துக்கு அச்சம் பிறந்தது. 1982இல் ஃபெண்டர் தன் பழைய 1957, 1962ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர்களையும் 1952ஆம் ஆண்டு டெலிகாஸ்டரையும் தானே மறுபதிப்புச் செய்தது. அதே ஆண்டில் ஜப்பானிலும் ஃபெண்டர் கிளை தோன்றியது. 1985இல் ஊழியர்களும் பிறரும் சேர்ந்து நிறுவனத்தைச் சி.பி.எஸ்.ஸிடமிருந்து மீட்டனர். 1987இல், கேட்டவர் கேட்டபடி செய்து கொடுக்கும் தனிப் பட்டறை ஒன்றும் எழுந்தது.

கிப்சன் நிறுவனத்தின் கதையும் இதைப் போன்றதே. அதன் லெஸ் பால் என்னும் கிற்றாரின் செஞ்சுடர் வண்ண வகை 1958 முதல் 1960 வரை இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டது. அப்போது அதை வாங்குவார் குறைவு; 1961இல் அதன் உருவத்தையே மாற்றிவிட்டார்கள். இன்றோ அந்த மூலக் கருவி ஒன்று இலட்சக்கணக்கான டொலருக்குப் போகிறது. கொழும்பில் ஒரு மாடி வீட்டின் விலை! ஆகவே அதற்கும் மறுபதிப்புகள் பெருகின.

மறுபதிப்பு நாளடைவில் மற்றொரு வழியிலும் சென்றது. 1995இல் ஃபெண்டரின் தனிப் பட்டறை புதிய கிற்றார்களைப் பழையவை போலத் தேய்த்து விற்கத் தொடங்கியது. வண்ணத்தைச் சுரண்டுவார்கள்; உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்வார்கள்; கை படும் இடத்தில் மரம் தெரியத் தேய்ப்பார்கள். 2021இல் கிப்சனும் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. இவற்றில் தேய்மானம் மிக மிக, விலையும் ஏறும். செட்டியார் தெருவில் சேதாரத்துக்குப் பணம் கேட்டால் முகம் சுளிக்கிறோம். அமெரிக்காவில் சேதாரத்தையே சரக்காக விற்கிறார்கள்!

நான்கு படிகள்

2023ஆம் ஆண்டு கோடையில் அண்ணனைப் பார்க்க ரொறன்ரோ சென்றேன். புறப்படுமுன் கற்றவற்றையும் அங்கே கண்டவற்றையும் சேர்த்து, ஸ்ட்ராட்டோகாஸ்டர் மறுபதிப்பை நான்கு படிகளாக வகுத்துக்கொண்டேன். மாணவ வாசகர்களுக்கு இப்பகுதி பயன்படும்.

முதற்படி ஸ்குவையர் என்னும் கிளைப் பெயரில் ஆசிய நாடுகளில் செய்யப்படுவது. விலை ஐந்நூறு டொலருக்குச் சற்றுக் குறைய. பழைய சாயல் உண்டு. பயிலுபவனுக்குத் தாராளமாகப் போதும். விரல்கள் ஓடும் பலகை பெரும்பாலும் இந்தியாவில் வளரும் கருமருது.

இரண்டாம் படி மெக்சிக்கோவின் என்செனாடா நகரில் செய்யப்படும் விண்டெரா வரிசை. ஆயிரம் டொலருக்குச் சற்று மேலே. மரமும் விரற்பலகையும் நல்லவை. மேற்பூச்சு மட்டும் தடித்த, உறுதியான பொலியெஸ்டர் மெருகு.

மூன்றாம் படி கலிபோர்னியாவின் கொரோனா நகரத் தொழிற்சாலையில் செய்யப்படும் அமெரிக்கன் விண்டேஜ் வரிசை. 2022இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இரண்டாயிரம் டொலருக்குச் சற்று மேலே. பழைய காலத்து மெல்லிய நைட்ரோ செல்லுலோஸ் மெருகு, பழைய முறையில் சுற்றிய காந்தச் சுருள்கள் எல்லாம் இதில் உண்டு. 1954ஆம் ஆண்டின் விலையை இன்றைய மதிப்பில் வைத்துப் பார்த்தால், இப்படியிலுள்ள மறுபதிப்பு மூலத்தைவிட மலிவு என்பது சிந்திக்கத் தக்கது.

நான்காம் படி தனிப் பட்டறை. நாலாயிரத்தில் தொடங்கி மேலே மேலே போகும். தேர்ந்தெடுத்த மரம், கைத்தேர்ச்சி மிக்க தொழிலாளர், விரும்பினால் தேய்மானம்.

லெஸ் பால் விரும்புவோருக்கும் இதே ஏணிதான். கிப்சனின் கிளையாகிய எபிஃபோன் கீழ்ப்படியிலும், அமெரிக்காவில் செய்யும் வழக்கமான கிப்சன் நடுப்படியிலும், தனிப் பட்டறையின் 1959ஆம் ஆண்டு மறுபதிப்பு மேற்படியிலும் நிற்கின்றன. அங்கே மேற்படியின் உயரம் இன்னும் அதிகம்.

ஆண்டுக் கணக்கில் மயங்காதிருப்பதும் ஒரு கலை. 1962ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் ஃபெண்டர் தடித்த விரற்பலகையைத் தட்டையாக ஒட்டியது. அதன் பின்பு மெல்லிய பலகையை வளைத்து ஒட்டியது. கழுத்தின் அடிமுனையைப் பார்த்தால் ஒட்டிய கோடு நேராகவோ வளைவாகவோ தெரியும். அண்ணனிடம் கேட்டேன். "நேர்க்கோடு" என்று நொடியும் தாமதியாமல் சொன்னார். அப்படியானால் அவருடையது ஆண்டின் முற்பகுதியில் செய்தது. மூன்றாம் படியில் '1961' என்று எழுதி விற்பதே அவர் நினைவிலுள்ள கருவிக்கு நெருங்கியது. '62' என்னும் எண்ணுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மரத்தின் கதை இன்னும் சுவையானது. அறுபதுகளின் நடுப்பகுதி வரையில் ஃபெண்டர் பயன்படுத்திய விரற்பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரம். காடுகள் அழியவே 1992இல் அதன் உலக வாணிகம் தடைசெய்யப்பட்டது. இன்றைய மறுபதிப்புகளில் இருப்பது பெரும்பாலும் தென்னிந்தியக் காடுகளில் வளரும் ஈட்டி; நம் முதியோர் தோதகத்தி என்று சொல்வது. 2017இல் ஈட்டி இனம் முழுவதற்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும் என்று விதித்தார்கள்; 2019இல் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். ஆகவே, எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் மறுபதிப்பு மூலம் ஆகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்த மரம் கலிபோர்னியா சென்று, கிற்றாராகி, வெள்ளவத்தைக்கு வருகிறது என்பது மட்டும் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

யாருடைய கை?

ரொறன்ரோவில் பெரிய இசைக்கருவிக் கடையொன்றுக்கு அண்ணனும் நானும் சென்றோம். அண்ணனுக்கு எழுபத்தேழு வயது. மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்கி நிமிர மறுக்கின்றன. கடையிலிருந்த இளைஞர் மெக்சிக்கோக் கிற்றார், கொரோனாக் கிற்றார், தனிப் பட்டறைக் கிற்றார் மூன்றையும் எடுத்து வைத்தார். அவரையே ஒரே ஒலிபெருக்கியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொல்லி, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

மெக்சிக்கோவையும் கொரோனாவையும் என் செவி பிரித்தறிந்தது. பின்னதில் மணியோசை போன்ற ஒரு தெளிவு. ஆயினும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அன்று. கொரோனாவையும் தனிப் பட்டறையையும் ஆறு முறை மாற்றி மாற்றி வாசித்தார். மூன்று முறை சரியாகச் சொன்னேன். மூன்று முறை தவறாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டுத் தலையா பூவா கேட்டிருந்தாலும் அதே விடைதான். இளைஞர் நேர்மையானவர். கையில் எடுத்தால் கழுத்தின் மழமழப்பு சற்று உயர்வாக இருக்கும் என்றும், மரத்தின் எடை குறைந்திருக்கும் என்றும், கேட்பவருக்கு அது தெரியாது என்றும் சொன்னார்.

அண்ணனோ ஒலியைக் கேட்கவேயில்லை. அவர் கண் தனிப் பட்டறைக் கிற்றாரின்மேலே இருந்தது. அதே முச்சுடர் வண்ணம். வலக்கை படியும் இடத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. அவர் அதை மடியில் வைத்துத் தம் கையை அந்தத் தேய்ந்த இடத்தில் படிய வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. இதைத்தான் இவர் நாற்பது ஆண்டாகத் தேடுகிறார், விலையைப் பற்றி இனி நான் வாய் திறக்கலாகாது என்று எண்ணினேன்.

சிறிது நேரம் அப்படியே இருந்தார். பின்பு கருவியைத் திருப்பி முதுகைப் பார்த்தார். அங்கே கொளுக்கித் தழும்பு இருந்தது. கீழ்ப்புறத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

"தம்பி, இது ஆருடைய கை?" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "என்ரை கை இல்லை. பெடியன்ரை கையும் இல்லை. ஆரோ சம்பளத்துக்குத் தேய்ச்ச கை. அதுக்கு ஏன் நான் காசு குடுக்கவேணும்?"

கிற்றாரை மேசைமேல் வைத்துவிட்டுத் தேய்மானம் இல்லாத கொரோனாக் கிற்றாரை எடுத்தார். அதன் மெருகு கண்ணாடி போல இருந்தது. "இதிலை தேயிறதுக்கு இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். செய்கூலியையும் சேதாரத்தையும் பற்றி நான் மாதக்கணக்காகத் திரட்டிய வாதங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன.

அன்றே அதை வாங்கினோம். ஒதுக்கிய ஐயாயிரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது. ஒரு பகுதியைக் கொழும்பில் ஒலிபெருக்கி வாங்குவதற்கென எடுத்து வைத்தோம். மீதியைக் காட்டி, "அண்ணை, இது ஒரு விமானச் சீட்டின் விலை" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இல்லையென்று சொல்லவில்லை.

கொழும்புக் காற்றில்

யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசியது போல, கிற்றாருக்கு எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு ஒலிபெருக்கியில் மிச்சம் பிடிப்பவர் பலர். மின் கிற்றாரின் ஒலியில் பாதி ஒலிபெருக்கியில் பிறக்கிறது. மூன்றாம் படிக் கிற்றாரும் நல்ல ஒலிபெருக்கியும் சேர்ந்தால், நான்காம் படிக் கிற்றாரையும் மட்டமான ஒலிபெருக்கியையும் எளிதில் வென்றுவிடும். வெளிநாட்டு உறவினர் ஒலிபெருக்கி அனுப்பினால் ஒன்றைக் கவனிக்க: வட அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. மாற்றி அமைக்க முடியாத கருவியை நம் சுவரில் சொருகினால் புகைதான் வரும். ஆகவே அதை இங்கேயே வாங்குதல் நலம்.

கடலோரத்து வெள்ளவத்தையில் உப்புக் காற்று தந்தியையும் ஆணியையும் அரிக்கும். வாசித்த பின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்து, கருவியைப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். நைட்ரோ மெருகு றப்பருக்குப் பகை. றப்பர் பிடியுள்ள தாங்கியில் சாய்த்து வைத்தால், வெப்பத்தில் மெருகு இளகித் தழும்பாகும். எங்கும் எடுத்துச் சென்று எப்படியும் வைக்கும் மாணவனுக்கு இரண்டாம் படியின் பொலியெஸ்டர் மெருகே உகந்தது. பணம் அளவாக இருப்பவர்கள் அந்தப் படியில் நிற்பதில் எந்தக் குறையும் இல்லை.

பழைய வடிவத்துக்கே உரிய இடைஞ்சலும் ஒன்றுண்டு. பழைய ஃபெண்டர் விரற்பலகை 7.25 அங்குல ஆரத்தில் நன்றாக வளைந்தது. சுரக்கட்டுகளைப் பிடிக்கச் சுகமானது. ஆனால் மேல்மெட்டுகளில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும்போது, தந்தி தாழ்வாக இருந்தால் ஒலி அடைத்துவிடும். மாண்டலின் சீனிவாஸ் மின் கருவியில் கமகம் பேசவைத்ததைக் கேட்ட நம் பிள்ளைகள், கிற்றாரிலும் அதை முயல்வது இயல்பே. அவர்கள் தேர்ந்த தொழிலாளரிடம் கொடுத்துக் குதிரையைச் சற்று உயர்த்தி, கழுத்தினுள் ஓடும் இரும்புக் கோலைச் சீர்செய்து கொள்ளவேண்டும். எந்தப் படியில் வாங்கினாலும் இந்தச் சீர்செய்தல் இன்றியமையாதது. சில ஆயிரம் ரூபாவில் கருவி ஒரு படி உயர்ந்துவிடும்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதை நாம் மறந்திருக்கமாட்டோம். வெளிநாட்டுப் பொருளை வாங்குவோர் அதன் விலையோடு நாணய மாற்றையும் சுங்கத் தீர்வையையும் முன்கூட்டியே விசாரித்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். கடன்பட்டு வாங்கத் தக்க பொருள் அன்று இது.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு அண்ணன் கொழும்புக்கு வந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்! எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. எதிர்ப்புறத்தில் நின்று அதைச் சிறிது நேரம் பார்த்தார். கொட்டாஞ்சேனைக்கும் போய் வந்தார். மாலை நேரங்களில் பேரன் வாசிக்க, பக்கத்தில் அமர்ந்து, மடங்காத விரல்களால் இடங்களைச் சுட்டிக் காட்டுவார். ஒரு நாள் பையன் கிற்றாரோடு எழும்போது சாப்பாட்டு மேசையின் விளிம்பில் அதன் அடிப்பக்கம் பட்டு ஒரு நீண்ட கீறல் விழுந்தது. இரண்டாயிரம் டொலர்க் கருவி! என் மகள் பதறிப் போனாள். பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். "பரவாயில்லை, தொடங்கியிட்டுது" என்றார்.

மாணவ நண்பர்கள் என்னிடம் எந்தப் படியில் வாங்குவது என்று கேட்பதுண்டு. நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்: கொடுக்கும் பணம் எதுவரையில் விரலுக்கும் செவிக்கும் வந்து சேர்கிறதோ, அதுவரையில் ஏறுங்கள். இரண்டாம் படியும் மூன்றாம் படியும் அந்த எல்லைக்குள் நிற்கின்றன. அதற்கு மேலே விற்பது பழமை. நமக்கு வேண்டிய பழமையோ எந்தக் கடையிலும் இல்லை. ஒருவன் தன் கருவியை எடுத்து நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசிப்பானானால், இருபது ஆண்டில் அது தானாகவே உண்டாகும். அதற்குச் செய்கூலியும் இல்லை.